அவர் சொன்ன ஆமென்

டிசம்பர் பிறந்த கையோடு ரூபனிடமிருந்து போன் வந்தது. ரூபன் யாரென்றால், கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, பழைய லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட் நடத்துகிறவன். எங்கள் சபையில் பல காலம் செக்ரட்டரியாக இருந்தவரின் ஒரே மகன்.

"அக்கா, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயந்தரம் நம்ம ரிசார்ட்ல ட்ரீ லைட்டிங் வெச்சிருக்கோம். கெஸ்ட் எல்லாரும் இருப்பாங்க. நீங்க வந்து ஒரு சின்ன ப்ரேயர் பண்ணணும்க்கா. தமிழ்ல. ரெண்டு நிமிஷம் போதும். அப்பத்தான் ஒரு லோக்கல் ஃபீல் வரும்" என்றான்.

"வாரேன் தம்பி. கட்டாயம் வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுக்களையில் தனியாக நின்று சிரித்தேன். தையல் மெஷினில் பாதி தைத்துப் போட்ட ஜாக்கெட்டை மறந்துவிட்டேன். அந்த வாசலில், அந்த வீட்டு ஆளே மைக்கைக் கையில் கொடுத்து என்னை ஜெபிக்கச் சொல்லும் ஒரு நாள் வருமா என்று நான் ஏங்கியது கொஞ்ச காலமல்ல. ஆண்டவர் தாமதிப்பார், ஆனால் மறக்க மாட்டார் என்று அம்மா சொல்லிவந்தது சரிதான் என்று தோன்றியது.

ஒரு ஜெபத்துக்குக் கூப்பிட்டதற்கு இவ்வளவு குஷியா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆட்களிடம் உள்ள ஒரு வழக்கத்தைச் சொன்னால் புரியும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாங்கள் ஜெபத்தில் சொல்லிவிடுவோம். மாமியார் ராத்திரி குடும்ப ஜெபத்தில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் மருமகளுக்கு வெள்ளனே எந்திரிக்கிற பெலத்தைத் தாரும்" என்பார். மறுநாள் மருமகளின் முறை வரும். "கர்த்தாவே, இந்த வீட்டுல உள்ளவங்க நாவைக் காத்துக்கொள்ளும்" என்று உருகுவாள். இதில் என்ன வசதி என்றால், ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. எழுந்து போகக் கூடாது. குத்து வாங்குகிறவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டு, கடைசியில் ஆமென் என்று வேறு சொல்ல வேண்டும். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். எங்கள் கமிட்டிக் கூட்டங்களில் பாதிச் சண்டை ஆரம்ப ஜெபத்திலும் மீதிச் சண்டை முடிவு ஜெபத்திலும் நடந்துவிடும். நடுவில் டீயும் பிஸ்கட்டும்தான்.

இந்த வித்தையில் எங்கள் சபையிலேயே அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு அதில் பாதிதான் வந்திருக்கிறது. மீதி கோபத்தில் தடுமாறிவிடும்.

சொன்ன நாளில் நல்ல சேலை கட்டி, பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். அந்துருண்டை வாசனை எனக்கே மூக்கில் ஏறியது. கொடைக்கானலில் கிறிஸ்துமஸ் என்றால் எனக்குக் கேக் வாசனை அல்ல, கோயில் முழுக்க அடிக்கும் அந்துருண்டை வாசனைதான். ஆனால் ரூபனின் வரவேற்பறைக் கதவைத் தள்ளியதும் அதை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. தைல மரம். ஏதோ கண்ணாடிக் குப்பியில் குச்சிகளைச் சொருகி வைத்திருந்தார்கள். அந்தக் குப்பி எதன் மேல் இருந்தது என்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பாய்லர். அப்பாவின் பாய்லர். செம்பில் செய்த, என் மார்பளவு உயரமுள்ள பழைய வெந்நீர் பாய்லரைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று நிறுத்தி, அடியில் கட்டை திணிக்கும் வாயில் சிவப்பு இலைச் செடி ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அதன் பக்கத்தில் நின்று உதட்டைக் குவித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் சட்டை எத்தனை தடவை துவைத்தாலும் இந்தத் தைல மரப் புகை போகாது. அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்தியாவுக்குப் போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். பள்ளங்கி போகிற வழியில் எங்களைப் போல வந்தவர்களின் காலனி இருந்தது. அம்மா சாகும்வரை டீயைத் தேத்தண்ணி என்றும் முதலாளியைத் தொரை என்றும்தான் சொன்னாள். காலனி ஆட்களில் பாதிப் பேருக்கு செக்ரட்டரி ஐயாவின் லாட்ஜில்தான் சோலி. எனக்கு அங்கே போர்வை துவைத்து இஸ்திரி போடுகிற வேலை. அப்பாவுக்குப் பாய்லர். விடியும் முன்பே எழுந்து போய் கட்டையைத் திணித்து, தண்ணீர் கொதித்ததும் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து ரூம் ரூமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மலைக்கு வருகிறவர்களுக்குக் குளிர் வேண்டும், ஆனால் அது குளிக்கிற தண்ணீரில் இருக்கக் கூடாது.

அப்பாவுக்கு இரண்டே பெருமைகள். ஒன்று, ஈரக் கட்டையையும் எரிய வைத்துவிடுவார். இன்னொன்று, பாட்டு. கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கோயில் என்றுதான் நாங்கள் சர்ச்சைச் சொல்வோம். வெளியே இருட்டு, உள்ளே மெழுகுவர்த்தி, வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். ஐயர் தலையசைத்ததும் அப்பா ஒற்றைக் குரலில் தொடங்குவார். ஐயர் என்றால் எங்கள் போதகர். இரண்டாவது அடியில்தான் மற்றவர்கள் சேர வேண்டும். முதல் அடி அப்பாவுக்குச் சொந்தம். அந்த ஓர் அடிதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். பலகாரம், புதுத்துணி, ஸ்டார் எல்லாம் அதற்கு அப்புறம்.

லாட்ஜில் பாய்லர் வேலை கிடைத்த பிறகு அது போயிற்று. டிசம்பரில்தான் கூட்டம், விடியற்காலையில்தான் வெந்நீர். அப்பா கேட்கக் கூச்சப்பட்டுச் சில வருஷம் சும்மா இருந்தார். அப்புறம் இருமல் வந்தது. இருமல் நெஞ்சில் இறங்கிய வருஷம், போய்க் கேட்டார். நான் போர்வைக் குவியலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, இந்த ஒரு காலைக்கு மட்டும் விடுங்க. ஆராதனை முடிஞ்சதும் வெரசா ஓடியாந்துர்றேன்."

செக்ரட்டரி ஐயா கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "கெஸ்ட்டெல்லாம் பச்சத்தண்ணில குளிக்கவா மலையேறி வந்திருக்காங்க? நீ பாடாட்டி இயேசு பொறக்க மாட்டாராப்பா?"

அப்பா சிரித்தார். முதலாளி ஏதாவது சொன்னால் சிரிப்பது தோட்டத்திலிருந்தே வந்த பழக்கம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மறுநாள் விடியற்காலையில் செக்ரட்டரி ஐயா முன் வரிசையில் இருந்தார். வேதபாடம் வாசித்ததும் அவரே. இயேசு பிறக்கச் சத்திரத்தில் இடமில்லாமல் போன பகுதியை, ஒரு லாட்ஜ் முதலாளி, குரல் தழுதழுக்க வாசித்தார். முதல் பாட்டை யாரோ எடுத்துச் சுருதி எங்கேயோ போயிற்று. அப்பா பாய்லர் முன்னால் உட்கார்ந்து மணிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னார். "மணி நல்லாக் கேட்டுச்சு புள்ள. காத்து நம்ம பக்கம்தான் அடிச்சுச்சு."

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. ஐப்பசி மழையில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

அடக்க ஆராதனைக்கு செக்ரட்டரி ஐயா மலர்வளையத்தோடு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஜெபம் பண்ணினார். "வேலையே ஆராதனைன்னு வாழ்ந்த இந்த மனுஷனுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். ஜெபத்தின் நடுவில் அம்மா கண்ணைத் திறந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கு ஜெபத்தில் கண்ணை மூடியே இருக்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது. அம்மா அவரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். ஆமென் சொல்லவில்லை.

துக்க வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் அந்த டிசம்பரில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரச் சட்டி ஏற்றவில்லை. ஸ்டார் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அப்பா மூங்கிலைச் சீவிக் கட்டி, கலர் பேப்பர் ஒட்டித் தொங்கவிடுவார். ஒரே வாரத்தில் மேகம் இறங்கி இறங்கிப் பேப்பர் நனைந்து, சிவப்பும் பச்சையும் சுவரில் வடியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அந்தக் கறை இருக்கும். அந்த வருஷம் சுவர் சுத்தமாக இருந்தது. அம்மா அதைப் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படிப்பட்டவள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயந்தரம், காலனி ஆட்கள் கேரல் பாடக் கிளம்பும்போது வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். துக்க வீட்டார் கேரலுக்குப் போவதில்லை. எல்லாரும் திகைத்தார்கள்.

"ஐயரே, ஊரெல்லாம் நீங்க ஜெபிச்சுக்கங்க. செக்ரட்டரி ஐயா வீட்டுல மட்டும் நான் ஜெபிக்கிறேன்" என்றாள்.

எங்கள் ஐயர் நல்ல மனிதர், கொஞ்சம் அழுகிற சுபாவம். "மன்னிப்புதாம்மா பெரிய கிறிஸ்துமஸ்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவின் முகத்தை எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அப்போது நான் பயந்தது என் இஸ்திரி வேலைக்கு.

பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு டோலக்கு, ஒரு ஜால்ரா. அவ்வளவுதான் எங்கள் ஊர்வலம். கடைவீதியில் காஜா பாய் மளிகைக்கடை முன்னால் முதலில் நிற்போம், ஏனென்றால் விளக்குக்கு மண்ணெண்ணெய் அவர் தருவது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, எங்களோடு கண்ணை மூடி, முடிவில் எங்களைவிடச் சத்தமாக ஆமீன் என்பார். "என்ன கேட்டோம்னே தெரியாம சொல்றீங்களே பாய்" என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"நீங்க கேட்டது படைச்சவன்கிட்ட. நான் சொல்லிட்டேன்னா அதுக்கு நானும் கட்டுப்பட்டவன்லப்பா" என்றார் பாய்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நடையில் ஒரு வேகம் வந்தது.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. ஏரிப்பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. புல்தரையில் நாற்காலி போட்டு, கெஸ்ட்டுகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேக் சாப்பிட்டார்கள். செக்ரட்டரி ஐயா கோட்டும் டையுமாக நின்று, "எங்க சர்ச் ஆளுங்க, ரொம்ப சிம்பிள் பீப்பிள்" என்று எங்களை அறிமுகம் செய்துவைத்தார். பாடினோம். கைதட்டினார்கள். அம்மா முன்னால் வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றாள். செக்ரட்டரி ஐயா கைகளைக் கட்டிக் கண்ணை மூடினார். அந்த நொடியிலேயே அவர் மாட்டிக்கொண்டார்.

"எங்க நல்ல தகப்பனே, ஸ்தோத்திரம். இந்த வீட்டைக் கண்ணோக்கிப் பாத்தீரே, ஸ்தோத்திரம். இந்த ஐயாவுக்கு நீர் குடுத்த ரூமுகளுக்காக ஸ்தோத்திரம். ரூமுக்கு வர்ற தொரைமாருக்காக ஸ்தோத்திரம். அவங்க குளிக்கிற வெந்நீருக்காக ஸ்தோத்திரம். அந்த வெந்நீரைக் காய்ச்சிக் காய்ச்சியே நெஞ்சு வெந்து செத்த எங்க வீட்டு மனுசனுக்காகவும் ஸ்தோத்திரம்."

ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் கூடவே முனகிக்கொண்டு வந்த எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் கப்பென்று நிறுத்திவிட்டார்கள். ஐயர் தொண்டையைக் கனைத்தார். அம்மா நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசிக்கொண்டே போனாள்.

"போன வருசம் உம்ம மகன் பொறந்த காலையில எங்க வீட்டு மனுசன் உம்ம சந்நிதிக்கு வரணும்னு கேட்டாரு. நீ பாடாட்டி இயேசு பொறக்க மாட்டாரான்னு ஐயா கேட்டாங்க. நல்ல கேள்வி தகப்பனே. அதுக்குப் பதில் நீர்தான் சொல்லணும். நாங்க தோட்டத்துல இருந்தப்ப வெள்ளக்காரத் தொரைகூட கிறிஸ்மஸுக்குப் பெரட்டு வெச்சு வேலைக்கு ஆள் எடுக்க மாட்டான். ஐயா அதவிட நல்லவங்கன்னு உமக்குத் தெரியும். அதனாலதான் இந்த வருசம் அவங்க மனச நீர் எளக்கிட்டீர். நாளைக்கு விடியக்காலம் பாய்லர்ல நிக்கிறவங்க, அடுப்படியில நிக்கிறவங்க, துணி தொவைக்கிறவங்க, அத்தனை பேரையும் கோயிலுக்கு அனுப்பி வெக்கிறேன்னு ஐயா எடுத்த தீர்மானத்துக்காக ஸ்தோத்திரம். நான் உசுரோட இருக்கற காலமெல்லாம் அனுப்புவேன்னு அவங்க மனசுக்குள்ள பண்ணின பொருத்தனைய ஏத்துக்கும் ஆண்டவரே. அவங்க மறந்தாலும் நீர் மறந்துராதேயும். ஞாபகப்படுத்த உமக்குத் தெரியும். இயேசுவின் நாமத்தில் கேக்குறோம் பிதாவே, ஆமென்."

செக்ரட்டரி ஐயா அப்படி ஒரு தீர்மானமும் எடுக்கவில்லை, ஒரு பொருத்தனையும் பண்ணவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஆமென் சொன்னோம். கெஸ்ட்டுகளும் சொன்னார்கள். செக்ரட்டரி ஐயா சொல்லவில்லை. அவர் காது சிவந்திருந்தது, கழுத்து நரம்பு டைக்கு மேலே துடித்தது. அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை, மூடிய கண்ணைத் திறக்கவில்லை. ஜெபம் இன்னும் முடியவில்லை என்கிற மாதிரி நின்றாள். பெட்ரோமாக்ஸ் மட்டும் உஸ்ஸென்று இரைந்தது. கெஸ்ட்டுகள் ஒவ்வொருவராக அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமென்" என்றார், வாய்க்குள்ளேயே.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்ங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடியற்காலை லாட்ஜ் ஆட்கள் அத்தனை பேரும் கோயிலில் இருந்தோம். முன் வரிசையில் ஓர் இடம் காலி. அம்மாதான் முதல் பாட்டை எடுத்தாள். அவளுக்குப் பாட வராது. சுருதியும் இல்லை, மூச்சும் இல்லை. ஆனாலும் அப்பாவின் ஓர் அடியை முழுசாகப் பாடி முடித்தாள், யாரும் நடுவில் சேரவில்லை. அழுதேன். அழுகையில் பாதி துக்கம், பாதி சந்தோஷம். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு இனித்தது.

திரும்பி வரும்போது லாட்ஜின் பின்பக்கமாகத்தான் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். அந்த வழி சுற்று என்பதை நான் சொல்லவில்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே செக்ரட்டரி ஐயா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாய்லர் வாயில் கட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். ஆட்களை அனுப்பிவிட்டார், கெஸ்ட்டுக்கோ வெந்நீர் வேண்டும். வேறு யார் செய்வது? கண் இரண்டும் சிவந்து, புகையில் இருமிக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்மஸ் ஸ்தோத்திரம்ங்கய்யா. கட்டைய இன்னும் உள்ள தள்ளுங்க, பொகையாது" என்றாள் அம்மா. "மணி கேட்டுச்சுங்களா?"

அவர் இன்னொரு கட்டையை எடுத்து உள்ளே தள்ளினார். வீட்டுக்கு வந்து அம்மா இரண்டு டம்ளர் தேத்தண்ணி போட்டுக் குடித்தாள்.

அவரும் சும்மா விடவில்லை. புதுவருஷ ஆராதனையில் விருப்பமுள்ளவர்கள் எழுந்து போன வருஷத்துக்காகச் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். அவர் எழுந்தார். "என்னைத் தாழ்த்துறதுக்கு ஆண்டவர் சில வாய்களைப் பயன்படுத்தினார். அந்த வாய்களுக்கு இந்த வருஷமாவது நல்ல வேலை கொடுக்கும்படி ஜெபிக்கிறேன்" என்றார். சபையே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னாள். அந்த வாரமே என் வேலை போயிற்று. "ஜெபத்தாலேயே எல்லாம் நடத்துற குடும்பத்துக்குச் சம்பளம் எதுக்கும்மா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அப்புறம்தான் நான் தையல் பழகினேன். முதல் ஜாக்கெட்டின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வந்த கதையை இன்னொரு நாள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்த ஆமெனை அவர் மீறவில்லை. அடுத்த கிறிஸ்துமஸிலும் ஆட்களை அனுப்பினார். அதற்கடுத்ததிலும். அம்மாவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போவார், ஆனால் கிறிஸ்துமஸ் விடியற்காலையில் பாய்லர் முன்னால் நிற்பார். அம்மா செத்த பிறகாவது நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் நாங்கள் பாடும்போது ஜன்னல் வழியாக அந்தப் புகை தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடுவேன். கிறிஸ்துமஸில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், குழந்தை இயேசு மன்னிக்கட்டும், அந்தப் புகைதான்.

இப்போது ரூபனின் மேடைக்கு வாருங்கள். பெரிய செயற்கை மரம், காதைப் பிளக்கிற பாட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வியர்த்துக்கொண்டிருந்த ஒருவர். எங்கள் காலனிப் பிள்ளைகள் சிவப்புக் குல்லா வைத்துத் தட்டு ஏந்திக்கொண்டிருந்தார்கள். ரூபன் மைக்கைப் பிடித்தான்.

"லாபில அந்த பாய்லரைப் பாத்திருப்பீங்க. எங்க டாடி ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலயும் கெஸ்ட்டுக்கு அவர் கையாலயே வெந்நீர் போட்டுக் குடுப்பாரு. சர்ச்சுக்குக்கூடப் போக மாட்டாரு. அவருக்கு ஹாஸ்பிட்டாலிட்டிதான் கடவுள். அந்த ட்ரெடிஷன்தான் நாங்க."

கைதட்டினார்கள். அப்பாவின் சாவும் அம்மாவின் பழியும் அந்த மனிதரின் தண்டனையும் சேர்ந்து, ரிசார்ட்டுக்கு விளம்பரமாகிவிட்டது. செக்ரட்டரி ஐயா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அவரே மகனை அறைந்திருப்பார்.

மைக் என் கைக்கு வந்தது. "ஜெபிப்போம்" என்றேன். அம்மாவின் குரலையே எடுத்துக்கொண்டேன். பாய்லருக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். அதன் முன்னால் இருமிய மனிதருக்காகச் சொன்னேன். ஒரு விதவைக்குச் சொன்ன ஆமெனுக்காகச் சாகும்வரை புகையில் நின்ற இந்த வீட்டுப் பெரியவருக்காகச் சொன்னேன். ஹாஸ்பிட்டாலிட்டிக்காக அல்ல ஆண்டவரே, உமக்குப் பயந்து நின்றார் என்று அழுத்திச் சொன்னேன். நாளைக்கு விடியற்காலை இந்தத் தட்டேந்துகிற பிள்ளைகள் அத்தனை பேரையும் கோயிலுக்கு அனுப்புகிற தம்பி ரூபனின் தீர்மானத்துக்காக ஸ்தோத்திரம் என்று முடித்தேன். நன்றாகவே வந்தது. எங்கேயும் தடுமாறவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒருவரும் கண்ணை மூடியிருக்கவில்லை. எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது. ரூபனும் எடுத்துக்கொண்டிருந்தான். தட்டேந்திய பிள்ளைகள் மட்டும் தலையைக் குனிந்திருந்தார்கள், ஆனால் அவர்கள் கையில் தட்டு இருந்தது.

"ஆமென்!" என்று ரூபன்தான் முதலில் கத்தினான். எவ்வளவு சந்தோஷமான ஆமென்! முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "சூப்பர்க்கா! செமயா இருந்துச்சு. அக்காவுக்கு ஒரு பெரிய கைதட்டு குடுங்க!" என்றான். மரத்தில் விளக்கு எரிந்தது. பாட்டு மறுபடி தொடங்கியது.

மறுநாள் விடியற்காலை கோயிலில் ஒரு காலனிப் பிள்ளையும் இல்லை. எல்லாருக்கும் பஃபே டூட்டியாம். முதல் பாட்டை ஸ்பீக்கர் பெட்டிதான் பாடியது. ஆராதனை முடியும் முன்பே என் போன் அதிர்ந்தது. ரூபன் என் ஜெபத்துக்குப் பின்னால் பியானோ இசை சேர்த்து வீடியோ அனுப்பியிருந்தான். கீழே மூன்று கூப்பிய கை.

நான் செக்ரட்டரி ஐயாவை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கேட்டால் ஐயர் முன்னாலும் சொல்வேன். ஆனால் வெளியே வந்ததும் என் கண் தானாக லாட்ஜ் இருந்த பக்கம் போயிற்று. மேகம் விலகி, ஏரிக்கு மேலே வானம் கழுவி விட்ட மாதிரி கிடந்தது. எங்கேயாவது ஒரு முழம் புகையாவது எழும்புகிறதா என்று, படியில் நின்று நெடுநேரம் தேடினேன்.